கயிற்றை விடும் கணம்

(நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘பத்தாண்டுகளில் நம் கவிதை’ என்னும் தலைப்பில் பேசுமாறு செயற்குழு என்னைப் பணித்திருந்தது. அதற்கான குறிப்புகளையும் எடுத்து வைத்திருந்தேன். ஆயினும் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் சென்ற கோடையில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் நடந்த ஒன்றே நினைவில் வந்து நின்றது. அன்று என் பன்னிரண்டு வயது மகள் ஒரு மணல்மேட்டிலிருந்து சிறகு பூட்டிப் பறந்தாள். நான் கீழே நின்று பார்த்தேன். நம் வட்டத்தைப் பற்றி நான் சொல்ல விரும்புவதும் அந்தப் பிற்பகலுக்குள்ளேயே இருக்கிறது என்று தோன்றியதால், தலைவரின் இசைவோடு தலைப்பை மாற்றிக்கொண்டேன். பொறுத்தருள வேண்டுகிறேன்.

இடம் உங்களுக்குப் புதிதன்று. ராலேயிலிருந்து கிழக்கு நோக்கி 64ஆம் எண் சாலையில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் சென்றால், வட கரோலினா மாநிலம் கடலோடு முடிகிற இடத்தில் ஒல்லியான மணல் தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவுட்டர் பேங்க்ஸ் என்று பெயர். கோடை விடுமுறையில் நம்மில் பலர் புளியோதரைப் பொட்டலத்தோடு போய்வருகிற கடற்கரைதான் அது. அங்கே ஐந்து மைல் இடைவெளியில் இரண்டு மணல்மேடுகள் உள்ளன. ஒன்று கில் டெவில் ஹில்ஸ் என்னும் ஊரில் இருப்பது. மற்றொன்று நாக்ஸ் ஹெட்டில் உள்ள ஜாக்கீஸ் ரிட்ஜ். நாங்கள் மூவரும், அதாவது நானும் என் மனைவியும் மகளும், காலையில் முதலாவதைப் பார்த்தோம். பிற்பகலில் இரண்டாவதற்குச் சென்றோம்.

முதல் மேட்டின் கதையை முதலில் சொல்கிறேன். ரைட் சகோதரர்கள் மிதக்கப் பழகிய மேடு அது. எஞ்சின் பூட்டிய விமானம் பறந்த 1903 டிசம்பர் 17ஆம் நாளையே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளை யாரும் அதிகம் பேசுவதில்லை. 1900, 1901, 1902 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவர்கள் எஞ்சின் இல்லாத வெறுஞ்சிறகோடு இந்த மணலுக்கு வந்தார்கள். மேட்டிலிருந்து காற்றை எதிர்த்து இறங்கி, விழுந்து, எழுந்து, மறுபடியும் மேலே சுமந்து சென்றார்கள். 1902ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் மட்டும் நூற்றுக்கணக்கான முறை மிதந்தார்கள். அவற்றுள் மிக நீண்டது 26 வினாடி. தொலைவு 622 அடிக்குச் சற்று மேல். அவர்களுக்கு முன்பு ஜெர்மனியில் ஓட்டோ லிலியந்தால் 1891 முதல் ஐந்தாண்டுகள் இவ்வாறே குன்றுகளிலிருந்து மிதந்து, 1896 ஆகஸ்டில் விழுந்து உயிரிழந்தார். அந்தச் சாவுச் செய்தியே ரைட் சகோதரர்களை இந்தத் துறையின்பால் திருப்பியது.

1900இல் வில்பர் ரைட் கிட்டி ஹாக் கிராமத்துக்கு வந்தபோது டேட் என்னும் குடும்பத்தார் வீட்டில் தங்கினார். சிறகின் துணியை அந்த வீட்டு அம்மையாரின் தையல் இயந்திரத்தில் வைத்தே தைத்தார். அந்தப் பருவம் முடிந்ததும் சகோதரர்கள் சிறகை மணலில் விட்டுவிட்டுப் போனார்கள். அந்த அம்மையார் துணியைக் கழற்றிக் கொண்டுவந்து தம் பெண் குழந்தைகளுக்குக் கவுன் தைத்தார். உலகின் புகழ்பெற்ற சிறகு ஒன்று இரண்டு சிறுமிகளின் உடையாக ஓடியாடியது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறுவனையும் அந்தச் சிறகின் மேல் படுக்கவைத்து, கயிறு கட்டிப் பட்டம் போல உயர்த்திப் பார்த்தார்கள். எடை குறைந்தவன் ஆதலால் காற்று அவனை எளிதில் தாங்கியது. இந்த மணலில் முதன்முதல் மேலெழுந்தவர்களுள் ஒரு குழந்தையும் உண்டு என்பது என் மகளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

அந்தச் சகோதரர்களின் தந்தை மில்ட்டன் ரைட் ஒரு கிறித்தவ ஆயர். 1878இல், மகன்களுள் ஒருவனுக்கு 11 வயதும் மற்றவனுக்கு 7 வயதும் இருக்கும்போது, ரப்பர் வளையத்தை முறுக்கிவிட்டால் மேலே பறக்கும் ஒரு பொம்மையை வீட்டுக்கு வாங்கி வந்தார். விதை அதுதான். பின்னாளில் மகன்கள் உண்மையாகவே பறந்தபோது அதே தந்தை அவர்களிடம் ஒரு வாக்குறுதி கேட்டார்: இருவரும் ஒரே விமானத்தில் ஏறக் கூடாது. ஒருவரை இழக்க நேர்ந்தாலும் மற்றவர் எஞ்ச வேண்டும் என்பது அவர் கணக்கு. மகன்கள் அந்த வாக்கைக் காத்தார்கள். 1910 மே 25 அன்று ஒரே ஒருமுறை தந்தை அந்தக் கட்டைத் தளர்த்தினார். டேட்டன் நகருக்கு அருகில் உள்ள புல்வெளியில் இருவரும் சேர்ந்து பறந்தார்கள். அதே நாளில் 81 வயதான தந்தையும் இளைய மகன் ஆர்வில் பக்கத்தில் அமர்ந்து தம் வாழ்வில் முதன்முறையாகப் பறந்தார். ஏறத்தாழ ஏழு நிமிடம். பாதி வழியில் மகனின் காதருகே குனிந்து, இன்னும் மேலே போகச் சொன்னாராம். பொம்மை வாங்கிக் கொடுத்ததும், சேர்ந்து பறக்கக் கூடாது என்று தடுத்ததும், இன்னும் மேலே என்று கேட்டதும் ஒரே மனிதர்தாம். பெற்றோராக இருப்பவர்களுக்கு இதில் வியப்பில்லை.

இப்போது அந்த மேட்டின் உச்சியில் 60 அடி உயரக் கருங்கல் நினைவுத்தூண் நிற்கிறது. 1932இல் திறந்து வைத்தார்கள். அதை நிறுத்துவதற்கு முன் ஒரு சிக்கல் எழுந்தது. மணல்மேடு ஓரிடத்தில் நிற்கவில்லை. ரைட் சகோதரர்கள் மிதந்த இடத்திலிருந்து காற்று அதைத் தென்மேற்கே நூற்றுக்கணக்கான அடி நகர்த்திவிட்டிருந்தது. நகரும் மணலில் கல்லை நாட்ட முடியுமா? ஆகவே 1920களின் இறுதியில் மேடு முழுவதும் புல் நட்டு, வேர்களால் மணலைக் கட்டி நிறுத்தினார்கள். இன்று அது பசும்புல் போர்த்த அமைதியான குன்று. நாங்கள் சுற்றிவந்தோம், படம் எடுத்துக்கொண்டோம். என் மகள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: “கேன் யூ ஃப்ளை ஃப்ரம் ஹியர்?” இங்கிருந்து பறக்கலாமா என்று. பறப்பதற்கு வேறு மேடு இருக்கிறது என்றேன்.

அவள் ஆங்கிலத்தில் கேட்டாள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதன் காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

இரண்டாவது மேடு இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஜாக்கீஸ் ரிட்ஜ் அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலேயே மிக உயரமான உயிருள்ள மணல்மேடு. காற்றுக்கேற்ப உயரம் மாறும். 80 முதல் 100 அடி வரை என்று வைத்துக்கொள்ளலாம். போகிற வழியில் ஒரு சிறு கோல்ஃப் விளையாட்டுத் திடலையே அது விழுங்கிவிட்டது. அங்கிருந்த விளையாட்டுக் கோட்டையின் கோபுர நுனி சில பருவங்களில் மணலுக்கு மேலே தலைகாட்டும்.

இந்த மேடு இன்று இருப்பதற்கும் குழந்தைகளே காரணம். 1973இல் வீடுகள் கட்டுவதற்காக மேட்டின் ஓரத்தைப் புல்டோசர் கொண்டு சமன்படுத்தத் தொடங்கினார்கள். அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகள் சிலர் ஓடிப்போய்த் தங்கள் தாயிடம் சொன்னார்கள். அந்தத் தாய் கரோலிஸ்டா பாம் என்பவர். நகை செய்யும் கலைஞர். வந்தார், புல்டோசருக்கு முன்னால் நின்றார், நகர மறுத்தார். ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். அன்று தொடங்கிய இயக்கம் வளர்ந்து, 1975இல் அந்த மேடு மாநிலப் பூங்காவாயிற்று. குழந்தைகள் சொன்ன சொல்லை ஒரு தாய் செவிமடுத்ததன் பயனாக இன்று அங்கே மற்றவர் குழந்தைகள் பறக்கிறார்கள்.

அவர்கள் பறக்கும் கருவிக்கு ஹாங் கிளைடர் என்று பெயர். தமிழில் சொன்னால், தொங்கியபடி மிதக்க உதவும் சிறகு. நான் சிறகு என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். அலுமினியக் குழல்கள், அவற்றின் மேல் இறுகக் கட்டிய துணி, நடுவில் தொங்குவதற்கு ஒரு வார்க்கச்சை, கையால் பிடிக்க முக்கோணச் சட்டத்தின் அடிக்கம்பி. இவ்வளவுதான். எஞ்சின் இல்லை, திருப்பச் சக்கரம் இல்லை. பறப்பவரின் உடலே சுக்கான். கம்பியைத் தன்பால் இழுத்தால் உடல் முன்னே செல்லும், மூக்கு தாழும், வேகம் கூடும். தள்ளினால் உடல் பின்னே செல்லும், மூக்கு நிமிரும், வேகம் குறையும். அளவு மீறித் தள்ளினால் சிறகு காற்றை இழந்து தொப்பென்று விழும்.

இந்தத் துணிச் சிறகின் பிறப்பும் ஒரு குடும்பக் கதையே. வர்ஜீனியாவில் அரசு வானூர்தி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பிரான்சிஸ் ரொகாலோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும், விறைப்பான சட்டங்கள் இன்றித் துணியையே சிறகாக்க முடியுமா என்று ஆராய விரும்பினார்கள். அலுவலகம் ஆர்வம் காட்டவில்லை. ஆகவே வீட்டிலேயே மின்விசிறியை வைத்துக் காற்றுச் சுரங்கம் ஒன்று அமைத்தார்கள். 1948இல் வெற்றிகரமாகப் பறந்த மாதிரியின் துணி, சமையலறைச் சன்னல் திரைச்சீலை. 1951இல் காப்புரிமை இருவர் பெயரிலும் வந்தது. அதை முதலில் குழந்தைகள் விடும் பட்டமாக விற்றார்கள். பிறகு விண்கலங்களைப் பூமிக்கு இறக்க அந்தச் சிறகு உதவுமா என்று நாசா சோதித்துப் பார்த்துக் கைவிட்டது. 1963இல் ஆஸ்திரேலியாவில் ஜான் டிக்கன்சன் என்பவர் அதில் முக்கோணச் சட்டத்தைப் பொருத்தினார். உலகெங்கும் சாதாரண மனிதர் குன்றிலிருந்து மிதக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ரொகாலோ தம்பதியர் ஓய்வுபெற்று இதே அவுட்டர் பேங்க்ஸில் குடியேறினர். முதுமையிலும் அவர் ஜாக்கீஸ் ரிட்ஜிலிருந்து பறந்ததுண்டு. 2009இல் 97 வயதில் மறைந்தார். ஒரு வீட்டில் சிறகின் துணி சிறுமியரின் கவுனாயிற்று. மற்றொரு வீட்டில் சமையலறைத் திரை சிறகாயிற்று. மேடையில் சொல்லப்படும் பெரிய சாதனைகள் பலவற்றின் நூல் இப்படி வீட்டுக்குள்ளேயே நூற்கப்பட்டிருக்கிறது.

இனி அந்தப் பிற்பகலுக்கு வருகிறேன்.

பறக்கக் கற்றுத்தரும் இடத்தில் முதலில் ஒரு தாளை நீட்டினார்கள். பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் பெற்றோர் ஒருவர் கையொப்பமிட வேண்டும். காயம், உறுப்பிழப்பு, உயிரிழப்பு என்று சட்டத்தின் சொற்கள் வரிசையாக நின்றன. ‘உயிரிழப்பு’ என்ற சொல்லுக்குக் கீழே பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறுதியில் என் மனைவி, “நீங்க போடறீங்களா, நான் போடட்டுமா?” என்று கேட்டாள். நான் போட்டேன். என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை.

தலைக்கவசம் அணிவித்தார்கள். வார்க்கச்சையைக் கட்டினார்கள். எல்லோருமாக மேட்டில் ஏறினோம். உச்சியில் நின்றால் கிழக்கே பெருங்கடல். மேற்கே ரோனோக் உப்பங்கழி. காலடியில் வெந்த மணல். பயிற்றுநர் ஓர் இளைஞர். ஓடுவதற்கு முன் அவர் செய்த ஒன்றை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். மகளைச் சிறகில் கொக்கியால் மாட்டியபின், அவளை அப்படியே படுத்துத் தொங்கச் சொன்னார். கொக்கி பூட்டியிருக்கிறதா, வார் முறுக்கிக்கொண்டிருக்கிறதா, கம்பிக்கும் மார்புக்கும் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஒவ்வொருவர்க்கும், ஒவ்வொரு முறையும் இதைச் செய்தார். மாட்டாமலே ஓடி, வெறுங்கையால் தொங்கி விழுந்தவர்கள் உண்டாம். நூறு முறை பறந்தவரும் இந்தச் சோதனையை விடக்கூடாது என்றார்.

பிறகு இரண்டே அறிவுரை. ஒன்று, கம்பியை இறுகப் பிடிக்காதே, விரல்களால் பற்றிக்கொண்டால் போதும். இறுகப் பிடித்த கைக்குச் சிறகு சொல்வது கேட்காது. இரண்டு, தரையைப் பார்க்காதே. போக வேண்டிய இடத்தைப் பார்.

சிறகின் இருபுறமும் இரண்டு கயிறுகள். பயிற்றுநர் அவற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடுவார். முதல் முறை ஓடியபோது கயிறு இறுக்கமாக இருந்தது. மகள் ஐந்தடி எழுந்து மணலில் வயிறு பட இறங்கினாள். இரண்டாம் முறையும் அவ்வாறே. மூன்றாம் முறை பயிற்றுநர் அவளோடு ஓடினார். ஓடிக்கொண்டே “அங்கே பார்” என்று ஒரே ஒரு சொல்லைச் சொன்னார். கயிறு தொய்ந்தது. அவர் நின்றுவிட்டார். சிறகு நிற்கவில்லை. ஓர் ஆள் உயரத்துக்கும் சற்று மேலே, சரிவின் வளைவோடு வளைந்து, என் மகள் போய்க்கொண்டிருந்தாள். எட்டு அல்லது பத்து வினாடி இருக்கும். ஓசையே இல்லை. துணி காற்றில் சலசலக்கும் ஒலி மட்டும் சற்று நேரம் கேட்டு அடங்கிற்று. பாதங்கள் மணலைத் தொட்டன; நாலடி ஓடி நின்றாள்.

அப்பாக்களும் பறக்கலாம் என்றார்கள். நானும் பறந்தேன் என்று சொன்னால் அது கவிஞர்களுக்கே உரிய மிகையாகும். தரை நெருங்குவது போலத் தோன்றியதும் அஞ்சிக் கம்பியை இறுகப் பற்றி முழு வலிமையோடு தள்ளினேன். மூக்கு நிமிர்ந்தது, சிறகு அப்படியே என்னை மணலில் இட்டது. எழுந்து வாயிலிருந்த மணலைத் துப்பியபோது, பயிற்றுநர் புன்னகையோடு சொன்னார்: அஞ்சும்போது எல்லாரும் தள்ளுகிறார்கள், அப்போதுதான் இழுத்து வேகம் கொடுக்க வேண்டும். வேகம் இருக்கும்வரை சிறகு பறக்கும். பெரியவர்களுக்கு இது கடினம், குழந்தைகளுக்கு எளிது என்றும் சேர்த்துக்கொண்டார்.

மணலில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் ஊர்க் கிணறு நினைவுக்கு வந்தது. என் தந்தையார் எனக்கு அங்கேதான் நீச்சல் கற்பித்தார். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை, இடுப்பில் வடக்கயிறு, கயிற்றின் மறுமுனை படியில் நின்ற அவர் கையில். பத்து நாள் அப்படியே. ஒருநாள் நடுக்கிணற்றிலிருந்து திரும்பிப் பார்த்தேன். கயிறு நீரில் மிதந்துகொண்டிருந்தது; அவர் படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். எப்போது விட்டார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நாலாம் வகுப்புக்கு மேல் படிக்காத அந்த மனிதர் அறிந்திருந்த ஒன்றை, இரண்டு பட்டங்கள் பெற்ற நான் அறியாமல் போனேன்.

எங்கே என்பதைச் சொல்கிறேன். இதே அவையில்தான். நம் வட்டத்தின் ஏழாம் ஆண்டு விழாவில் குழந்தைகள் கவிதை ஒப்பித்தார்கள். என் மகளும் பாரதியாரின் பாடல் ஒன்றை மனனம் செய்து வந்திருந்தாள். மேடையில் ஏறிய அவள் நாவில் ழகரம் லகரமாக வந்தது. முன்வரிசையிலிருந்து நான் திருத்தினேன். திரும்பவும் வந்தது, திரும்பவும் திருத்தினேன். மூன்றாம் முறை திருத்தியபோது அவையில் சிலர் சிரித்தார்கள், அன்பான சிரிப்புத்தான். அவள் நிறுத்தினாள். ஒலிபெருக்கியின் முன் சற்று நேரம் நின்றுவிட்டு இறங்கிப் போனாள். அன்றிலிருந்து ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் என்னிடம் அவள் தமிழில் பேசவில்லை. நான் தமிழில் கேட்பேன். அவள் ஆங்கிலத்தில் விடை சொல்வாள். கோபம் என்று சொல்ல முடியாது. மரியாதையோடு, ஒரு கதவை மெல்லச் சாத்துவது போலச் செய்தாள். உங்களில் பலர் அந்த நிகழ்ச்சியை மறந்திருப்பீர்கள். நாங்கள் இருவரும் மறக்கவில்லை.

அன்று மாலை வண்டியில் திரும்பினோம். என் மனைவி ஓட்டினாள். இருள் சூழ்ந்த நேரத்தில், யாரிடம் என்றில்லாமல் ஒரு கதை சொல்லத் தொடங்கினேன். சீவக சிந்தாமணியின் முதல் இலம்பகத்துக் கதை. அரசன் சச்சந்தன், தன் அமைச்சனிடமே நாட்டை ஒப்படைத்து ஏமாந்தவன். அரசி விசயை கருவுற்றிருக்கிறாள். அவள் கண்ட தீக்கனவின் பொருளை உணர்ந்த அரசன், மயில் வடிவில் ஒரு வானப்பொறி செய்வித்து, அதைச் செலுத்த அவளுக்குக் கற்றுக்கொடுக்கிறான். வலமாகத் திருகினால் எழும்; இடமாகத் திருகினால் இறங்கும். அமைச்சன் படையோடு வளைத்துக்கொண்டபோது, அரசியை அதில் ஏற்றி அனுப்பிவிட்டு, நின்று போரிட்டு மடிகிறான். வானில் செல்லும் விசயையின் காதில் பகைவனின் வெற்றி முரசு விழுகிறது. கணவன் மாண்டான் என்று அறிந்து மயங்குகிறாள். முடுக்குவார் இன்றி மயில் மெல்ல ஒரு சுடுகாட்டில் இறங்குகிறது. அங்கே சீவகன் பிறக்கிறான். உ.வே. சாமிநாதையர் 1887இல் பதிப்பித்துக் கொடுத்திராவிடில் இந்தத் தாயும் சேயும் பறந்த கதையை நம்மில் எத்தனை பேர் அறிந்திருப்போம்?

பின் இருக்கை அமைதியாக இருந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அப்போது குரல் வந்தது, தமிழில்:

“அந்த ராணி பயந்திருந்தா விழுந்திருப்பாங்க, அப்பா.”

“ஏம்மா?”

“பயந்தா கைய இறுக்கிடுவோம். அவங்க மயக்கத்துல கைய விட்டுட்டாங்க. அதனாலதான் மயில் தானா கீலே எறங்குச்சு.”

எந்த உரையாசிரியரும் எனக்குச் சொல்லித்தராத விளக்கம் அது. தானே சிறகில் தொங்கியவள் அறிந்து சொன்ன விளக்கம். அதே நேரத்தில் ‘கீழே’ என்பது ‘கீலே’ ஆனதையும் என் காது தவறாமல் பிடித்துக்கொண்டது. வாயைத் திறந்தேன். என் மனைவி ஓட்டிக்கொண்டே ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன். வீடு சேரும்வரை அவள் பேசிக்கொண்டே வந்தாள்: மணல், காற்று, பயிற்றுநரின் கயிறு, நான் விழுந்த விதம். நான் ‘ஆமாம்மா’ என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

அவள் நாவில் ழகரம் இன்றுவரை வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. ஆனால் பேசுகிறாள்.

அன்பர்களே, இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ளலாகாது. ஓடுவதற்கு முன் ஒவ்வொரு கொக்கியையும் தொட்டுப் பார்த்த அந்த இளைஞரை எண்ணிப் பாருங்கள். அந்தச் சோதனையில் அவர் சிறிதும் தளரவில்லை. இறங்கிய பின்னும் நடந்த பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். காற்றில் இருக்கும்போது மட்டும் ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டார். திருத்தம் தரையில் செய்ய வேண்டியது; புறப்படும் முன்னும் இறங்கிய பின்னும். பறக்கும் குழந்தையைக் கயிற்றால் சுண்டி இழுப்பவன் ஆசிரியன் ஆகமாட்டான். நான் அன்று முன்வரிசையிலிருந்து செய்தது அதைத்தான்.

இந்தப் பத்தாண்டுகளில் நம் வட்டம் செய்தவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கவிதை வாசிப்பு அமர்வுகளில் ஓர் இளையவர் இரண்டாம் வரியைத் தொடங்குமுன்னரே, முதல் வரியில் வல்லினம் மிகவில்லை என்று குரல் எழுந்ததைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அக்குரல்களுள் என் குரலும் இருந்தது. அந்த இளையவர்களில் எத்தனை பேர் இன்று இங்கே இருக்கிறார்கள் என்று நாற்காலிகளை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே ஒரு சிறு வேண்டுகோளைச் செயற்குழுவின் முன் வைக்கிறேன். பதினோராம் ஆண்டு முதல், குழந்தைகளும் புதியவர்களும் இந்த மேடையில் ஏறினால் அவர்கள் இறங்கும்வரை யாரும் வாய் திறக்கலாகாது என்று ஒரு விதி செய்வோம். திருத்த விரும்புவோர் தேநீர் இடைவேளையில் அருகில் அமர்ந்து திருத்தட்டும். முதலில் பாராட்டிவிட்டுப் பிறகு திருத்தட்டும்.

நாம் ஆண்டுமலர் வெளியிடுகிறோம். பத்தாண்டுகளைக் கல்லில் பொறித்தாற்போலப் பதிவு செய்கிறோம். அது வேண்டியதே. காலையில் பார்த்த குன்றின்மேல் அந்தத் தூண் நிற்பதும் நியாயமே. ஆனால் கல் நிற்பதற்காக அந்த மணலைப் புல்லால் கட்டிப்போட வேண்டியிருந்தது. ஐந்து மைல் தள்ளி, கட்டப்படாத மணல் ஆண்டுதோறும் நகர்ந்து, கோட்டை கோபுரங்களை விழுங்கிக்கொண்டு போகிறது. குழந்தைகள் இன்றும் பறப்பது அங்கிருந்துதான். நம் வட்டம் இரண்டு மேடுகளையும் வைத்திருக்கட்டும் என்று வாழ்த்துகிறேன்.

இன்று மாலை குழந்தைகள் நிகழ்ச்சியில் என் மகள், இரண்டரை ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், மறுபடியும் மேடை ஏறுகிறாள். அவளே எழுதிய பன்னிரண்டு வரிகள். என்னிடம் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசி வரிசையில் எனக்கு ஓர் இருக்கை ஒதுக்கி வைக்குமாறு நிகழ்ச்சி அமைப்பாளரை வேண்டிக்கொண்டு, என் உரையை முடிக்கிறேன்.